எலிசபெத்தா, இசபெல்லா, எல்சாவா?

தம்பிக்குப் பெண் பிறந்திருக்கிறது. குழந்தைக்கு எங்கள் அம்மா எலிசபெத்தம்மாளின் பெயர்தான் என்பதில் வீட்டில் யாருக்கும் மறுப்பில்லை. வாக்குவாதம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. பெயரை அப்படியே வைப்பதா, அதன் வம்சத்தில் பிறந்த வேறொரு பெயரை எடுப்பதா? தம்பிக்கு எல்சா பிடித்திருக்கிறது. அவன் மனைவிக்கு இசபெல். காசிமேட்டில் இருக்கும் சித்தி, "எலிசபெத்து என்று வைத்தால் என்ன குறைந்துவிடும்?" என்கிறார். அத்தை என்ற முறையில் பஞ்சாயத்து என்னிடம் வந்து சேர்ந்தது. ராயபுரம், தண்டையார்பேட்டை, பெரம்பூர் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் இந்தப் பேச்சு புதிதல்ல என்பதால் நான் அலசிப் பார்த்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

பெயரின் பிறப்பிடம் எபிரேய மொழி. அங்கே அது எலிஷேவா. 'ஏல்' என்பது கடவுள். பின்பாதி, ஆணையைக் குறிக்கும் சொல்லோடும் ஏழு என்ற எண்ணோடும் ஒரே வேரைப் பகிர்ந்துகொள்கிறது. எனவே 'என் கடவுளே எனக்கு ஆணை' என்று பலரும், ஏழு நிறைவைக் குறிக்கும் எண் என்பதால் 'என் கடவுள் நிறைவானவர்' என்று சிலரும் பொருள் சொல்கிறார்கள். விடுதலைப்பயண நூலில் ஆரோனின் மனைவிக்கு இந்தப் பெயர். எபிரேய நூல்கள் கிரேக்கத்துக்குப் போனபோது, 'ஷ' ஒலி இல்லாத அந்த மொழியில் பெயர் எலிசாபெத் என்றாகி, வாலில் ஒரு தகரத்தையும் ஒட்டிக்கொண்டது. லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் முதிர்ந்த வயதில் கருவுறும் செக்கரியாவின் மனைவி, திருமுழுக்கு யோவானின் தாய், இந்தக் கிரேக்க வடிவத்தில்தான் வருகிறார். உலகம் முழுக்கப் பரவியது அவருடைய பெயர்தான்.

அந்த வால் தகரம்தான் பிறகு எல்லா ஊர்களிலும் தொல்லை கொடுத்தது. சொல்லின் கடைசியில் அந்த ஒலியை நிறுத்தத் தெரியாத மொழிகள் ஒவ்வொன்றும் தனக்குத் தோன்றிய வழியில் சமாளித்தன. இத்தாலியர் எலிசபெத்தா என்று உயிரெழுத்தில் முடித்தார்கள். ரஷ்யர் யெலிசவேத்தா, போலந்துக்காரர் எல்ஷ்பியெத்தா. பசிபிக் தீவுகளில் இன்னும் வேடிக்கை. சகரம் முதற்கொண்டு பல மெய்கள் இல்லாத ஹவாய் மொழியில் எலிகாபேகா. லகரமும் சகரமும் இல்லாத நியூசிலாந்து மாவோரி மொழியில் இரிஹாபெதி. ஸ்பானியர் வாயில் தகரம் லகரமாகி, முன்னால் இருந்த 'எல்' பெண்பாலுக்குப் பொருந்தாத சுட்டுச்சொல்லைப் போல ஒலித்ததால் உதிர்ந்து, மிச்சம் நின்றது இசபெல். தமிழன் மிகக் குறைந்த செலவில் காரியத்தை முடித்தான்: கடைசியில் ஓர் உகரம். எலிசபெத்து. புராட்டஸ்டன்ட் சபைகளின் பழைய வேதாகமமும், 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியமும் பல பெயர்களில் முட்டிக்கொண்டாலும் இந்த ஒரு பெயரில் ஒத்துப்போகின்றன. சித்தியின் உச்சரிப்பைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

இனி ஒவ்வொரு பெயராகப் பார்ப்போம்.

தம்பி மனைவி இசபெல்லுக்காக எடுத்து வைத்த வாதம் வலுவானது. "அண்ணி, அது வேறு பெயரே இல்லை, அத்தையின் பெயர்தான்" என்றாள். உண்மைதான். ஹங்கேரியின் புனித எலிசபெத் 1207-ல் பிறந்து 1231-ல், இருபத்து நான்கு வயதில், இறந்தவர். அவருடைய உடன்பிறந்தார் வழிப் பேத்தி ஒருத்தி 1271-ல் அரகோன் நாட்டு அரச குடும்பத்தில் பிறந்தாள். பெரிய பாட்டியின் நினைவாகக் குழந்தைக்கு அதே பெயரை வைத்தார்கள். அந்த ஊர் வழக்கில் அது இசபெல் ஆயிற்று. பின்னாளில் போர்த்துகல் அரசியான அவரைத் திருச்சபைப் பட்டியலில் தேடினால் போர்த்துகலின் புனித எலிசபெத் என்றும் கிடைப்பார், புனித இசபெல் என்றும் கிடைப்பார். ஏழைகளுக்கு மடியில் மறைத்து எடுத்துப்போன அப்பம் ரோஜாப் பூக்களாக மாறிய கதையை இருவருக்குமே சொல்வார்கள். ஒரு பாட்டி, ஒரு பேத்தி, ஒரே பெயர், இரண்டு வடிவம். எங்கள் வீட்டு வழக்குக்கு இதைவிடச் சரியான முன்மாதிரி கிடையாது. இங்கிலாந்தின் இரண்டாம் எலிசபெத்தை ஸ்பானியப் பத்திரிகைகள் கடைசிவரை இரண்டாம் இசபெல் என்றுதான் எழுதின. கொலம்பஸைக் கடலுக்கு அனுப்பிய அரசியை நாம் இசபெல்லா என்று படித்தோம். அவரும் பெயரளவில் ஓர் எலிசபெத்தே.

சென்னைக்காரர்களுக்கு இசபெல் அந்நியமும் அல்ல. மயிலாப்பூரில் ஊரே இசபெல்லா ஆஸ்பத்திரி என்று சொல்லும் மருத்துவமனை புனித இசபெல் பெயரில் அமைந்தது. ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரை இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை. எழுத எளிது, மூன்று அசையில் முடிகிறது, வெளிநாட்டில் யாரும் தடுமாற மாட்டார்கள். அமெரிக்கச் சமூகப் பாதுகாப்புத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் குழந்தைப் பெயர்ப் பட்டியலில் 2009, 2010 இரண்டு ஆண்டுகளிலும் பெண் பெயர்களில் இசபெல்லாதான் முதலிடம். தம்பி மனைவிக்கு இது கூடுதல் பலம். எனக்கு இதுதான் சற்று உறுத்தல். அம்மாவின் நினைவாக வைக்கும் பெயர், அப்படியொரு அலையில் வந்து ஒதுங்கியதைப் போலத் தோன்றக் கூடாது.

ஆனால் இசபெல்லின் உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஞாயிறு பூசைக்குப் போகிறவர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். எலியா இறைவாக்கினரைக் கொல்லத் துடித்த, நாபோத்தின் திராட்சைத் தோட்டத்துக்காக அவனைக் கல்லெறிந்து கொல்ல வைத்த, ஆகாபு மன்னனின் மனைவி யார்? பழைய வேதாகமத்தில் அவள் யேசபேல். திருவிவிலியத்தில் ஈசபேல். ஈசபேல், இசபெல். குறிலும் நெடிலும்தான் வித்தியாசம். ஆங்கிலத்தில் இரண்டும் தூரத்துச் சொற்கள். வேரளவிலும் அந்தப் பினீசிய இளவரசியின் பெயருக்கும் எலிஷேவாவுக்கும் சம்பந்தமில்லை. தமிழில் மட்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. பீடத்தில் வாசகம் வாசிப்பவர் "ஈசபேல்" என்று உரக்கப் படிக்கும் ஞாயிற்றுக்கிழமையில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கும் எட்டு வயதுக் குழந்தையை எத்தனை தலைகள் திரும்பிப் பார்க்கும் என்று யோசித்துப் பாருங்கள். சித்திக்கு இதை நான் சொல்லவேயில்லை. பெயரைக் கேட்ட மாத்திரத்தில் அவரே, "அந்தக் கொடுமைக்காரி பெயரா?" என்றார்.

இசபெல்லா என்று ஓர் ஆகாரம் சேர்த்துவிட்டால் இந்தச் சிக்கல் பாதி தீரும் என்பது என் கணிப்பு. கடைசி எழுத்து மாறினால் காது வேறாகக் கேட்கும். ஆகவே இந்தக் கிளையில்தான் எடுப்பது என்றால் இசபெல் வேண்டாம், இசபெல்லா வையுங்கள்.

எல்சா விஷயத்தில் நான் நீளமாகப் பேசப் போவதில்லை. ஜெர்மனியிலும் ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் எலிசபெத்தைச் சுருக்கி வந்த பழைய, மரியாதையான பெயர் அது. ஐன்ஸ்டைனின் இரண்டாவது மனைவி பெயர் எல்சா. ஆனால் இன்று எம்.சி. ரோட்டில் எந்தக் கடைக்குப் போனாலும் 'ஃப்ரோசன்' கார்ட்டூனில் வரும், நீல கவுன் போட்ட பனிநாட்டு அரசியின் படம் பையிலும் தண்ணீர் பாட்டிலிலும் சிரிக்கிறது. எல்சா என்றால் குழந்தைகளுக்கு அவள்தான். எங்கள் அம்மா அந்தப் படத்துக்குப் பின்னால் காணாமல் போய்விடுவார். "அக்கா, பத்து வருடத்தில் அந்த மோகம் போய்விடும்" என்கிறான் தம்பி. அந்தப் பத்து வருடம்தான் இவள் பள்ளிக்கூடம் போகப்போகிற வருடங்கள். திருச்சபைச் சட்டம் இதற்குத் தடை சொல்லாது. 1917-ன் பழைய சட்டத் தொகுப்பு கிறிஸ்தவப் பெயரை வற்புறுத்தியது. 1983-ல் வந்த புதிய தொகுப்பு, கிறிஸ்தவ உணர்வுக்கு அந்நியமான பெயராக இல்லாதிருந்தால் போதும் என்று தளர்த்திவிட்டது. தடை என்னுடையதுதான்.

லிசா, எலிசா, எலிஸ், லிஸ்பெத், பெட்சி, பெஸ்ஸி, எல்ஸ்பெத் எல்லாம் இந்தக் கிளையில் காய்த்தவை. எல்சியும் இதே வீட்டுப் பிள்ளைதான். ஸ்காட்லாந்து எல்ஸ்பெத்தின் செல்லம். மோனா லிசாவின் லிசாவும் எலிசபெத்தாவின் நறுக்கு. பெரம்பூர் ரயில்வே குடியிருப்புகளில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைந்திருந்த காலத்தில் லிஸ்ஸி, எல்சி, பெட்டி எல்லாம் தெருவில் ஓடிக்கொண்டிருந்த பெயர்கள். பெட்டி தமிழ் வகுப்பில் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. இவற்றைக் கூப்பிடும் பெயராக வைத்துக்கொள்ளலாம். பிறப்புச் சான்றிதழில் எழுதிவிட்டால் அறுபது வயதிலும் அவள் லிஸ்ஸியாகவே இருக்க வேண்டும். சுருக்கத்திலிருந்து முழுப்பெயருக்கு அரசு ஆவணத்தில் போவது சுலபமல்ல. அரசிதழில் விளம்பரம், விண்ணப்பம், அலைச்சல். முழுப்பெயரிலிருந்து சுருக்கத்துக்கு வருவதற்கு எந்த அலுவலகமும் தேவையில்லை.

தம்பி மனைவியின் அப்பா வீடு சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தது. அவர்கள் பக்கத்திலிருந்து ஓர் எதிர்பாராத யோசனை வந்தது: பழைய வேதாகமத்தின் யாத்திராகமத்தில், அதாவது விடுதலைப்பயண நூலில், ஆரோனின் மனைவி எலிசபாள். மூலப் பெயருக்கு மிக அருகில் நிற்கிறது, தமிழின் பெண்பால் விகுதியும் இருக்கிறது. மரியாள், மார்த்தாள் வரிசையில் கம்பீரமாகவே ஒலிக்கிறது. எனக்கு இந்தப் பெயர் மிகவும் பிடித்துப்போனது. ஆனாலும் பரிந்துரைக்க மாட்டேன். எலிசபாளை எழுதுகிற ஒவ்வொரு குமாஸ்தாவும் "எலிசபெத்தா?" என்று கேட்டுத் திருத்திவிடுவார், வாழ்நாள் முழுக்க அவள் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். ஐ.சி.எஃப். பக்கம் குடியிருக்கும் மலையாளிகள் வழியில் ஏலியாம்மா, ஏலிக்குட்டி என்று போகலாம். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அது அவர்கள் சொத்து. ஆர்மீனியன் தெருவில் ஒரு காலத்தில் கடை விரித்திருந்த வணிகர்களின் மொழியில் இதே பெயர் யெகிசாபெத். அதைச் சொன்னபோது வீட்டில் கிடைத்தது சிரிப்பு மட்டுமே.

கடைசியாக எலிசபெத்.

இதற்கு எதிரான வாதம் ஒன்றே ஒன்றுதான், அதை மழுப்பக் கூடாது. முதல் இரண்டு எழுத்து. தமிழ்நாட்டில் எந்த எலிசபெத்தும் ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள் 'எலி' என்ற அழைப்பைக் கேட்காமல் தப்பியதில்லை. எங்கள் அம்மாவும் கேட்டிருக்கிறார். அவர் படித்த பள்ளியில் வருகைப் பதிவேட்டை வாசித்த ஆசிரியை பெயரின் நடுவில் மூச்சு வாங்க நிறுத்துவாராம். "எலி" என்று சொல்லி நிறுத்தி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு "சபெத்து" என்று முடிப்பதற்குள் பின் பெஞ்சில் கீச்சுச் சத்தம் எழுந்துவிடுமாம். அம்மா அதற்குக் கண்டுபிடித்த வழி, தானே முந்திக்கொண்டு எழுந்து "உள்ளேன் டீச்சர்" என்று சொல்லிவிடுவது. சிரித்துக்கொண்டேதான் இதைச் சொல்வார். குழந்தையின் அப்பாவுக்கு மட்டும் சிரிப்பு வருவதில்லை. அவன் பயம் நியாயமானது. ஆனால் பட்டப்பெயர் வைக்கத் துணிந்த பிள்ளைகளுக்கு எந்தப் பெயரும் பாதுகாப்பானது அல்ல என்பதையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். இசபெல்லை மணி என்பார்கள், எல்சாவை ஐஸ் என்பார்கள்.

எலிசபெத்தின் பக்கம் இருக்கிற பலம் பெரியது. இங்கே வடசென்னையில் இந்தப் பெயரைப் புரியவைக்க வேண்டிய ஆள் ஒருவர்கூட இல்லை. ரேஷன் கடைக்காரர், தலைமை ஆசிரியை, மண்ணடி மொத்தக் கடை பாய், வங்கி ஊழியர், எல்லோருக்கும் தெரிந்த பெயர். 1961-ல் இரண்டாம் எலிசபெத் சென்னைக்கு வந்தபோது எங்கள் அம்மா சிறுமி; "உன் பெயர்க்காரி வந்திருக்கிறாள்" என்று தெருவில் கேலி செய்தார்களாம். ராணிக்காக வைத்த பெயர் அல்ல அது, லூக்கா நற்செய்திக்காக வைத்தது என்று தாத்தா திருத்துவாராம். எனக்கு அந்தத் திருத்தம் முக்கியம். முதுமையில் பிள்ளை பெற்ற ஒருத்தி, தன்னைத் தேடி வந்த இளம் மரியாவை வாசலிலேயே அடையாளம் கண்டுகொண்ட காட்சி அந்த முதல் அதிகாரத்தில் இருக்கிறது. தம்பியும் மனைவியும் ஒன்பது ஆண்டு காத்திருந்து பெற்ற பிள்ளைக்கு இந்தக் கதை பொருந்துகிற அளவுக்கு வேறெந்தக் கிளைப் பெயரின் கதையும் பொருந்தாது.

இன்னொரு சோதனையும் வைத்துப் பார்த்தேன். எங்கள் வீடு மூன்றாம் மாடி. கீழே துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் நாள் முழுக்க உறுமிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்துக்கு மேலே கீழே விளையாடும் பிள்ளையைக் கூப்பிட வேண்டும். இசபெல் லகரத்தில் அமுங்கிப்போகிறது. இசபெல்லா நன்றாக நீள்கிறது. எல்சா மிகச் சின்னது, லாரி ஹார்ன் விழுங்கிவிடும். எலிசபெத்தைக் கூப்பிடும்போது தமிழ் தானாகவே 'எலிசபெத்தே' என்று வாயைத் திறந்து கொடுக்கிறது. அக்கம்பக்கத்தார் என்ன நினைத்தார்களோ தெரியவில்லை. ஒரு மாலை முழுக்கப் பால்கனியில் நின்று இல்லாத பெண்களை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகவே என் தீர்ப்பு எலிசபெத். இரண்டாம் இடம் இசபெல்லாவுக்கு. வீட்டில் எலிசபெத் என்ற பெயரில் இன்னொரு பெண் ஏற்கெனவே இருந்தால், கூப்பிடும்போதெல்லாம் இரண்டு பேர் திரும்பும் தொல்லைக்காக, தயங்காமல் இசபெல்லா வைக்கலாம். முன்மாதிரிக்குப் போர்த்துகல் அரசி இருக்கிறார். எங்கள் வீட்டில் அம்மா இல்லை, எனவே அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது.

'எலி' தொல்லைக்கு மருந்து, கூப்பிடும் பெயரை நாமே முதலில் முடிவு செய்துவிடுவது. பிள்ளைகள் வெற்றிடத்தில்தான் பட்டப்பெயர் வைக்கிறார்கள். வீட்டிலிருந்தே ஒரு செல்லப்பெயரோடு பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு அது பெரும்பாலும் நிலைத்துவிடுகிறது. எல்சி என்று கூப்பிடலாம் என்பது என் யோசனை. தம்பியின் எல்சாவுக்கு அது அக்கா முறை, அவனும் முகம் சுளிக்கவில்லை. லிசி, லிசா இரண்டும்கூடச் சரிதான். 'பெத்' மட்டும் வேண்டாம், தமிழில் அதை ஒட்டி வரும் வினைச்சொற்கள் நல்ல துணை அல்ல.

எழுத்து விஷயத்தில் கறாராக இருங்கள். மாநகராட்சி தரும் பிறப்புச் சான்றிதழில் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் பெயர் இருக்கும். திருமுழுக்குச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவேடு என்று பின்னால் வருவதெல்லாம் அதைப் பார்த்துத்தான் எழுதப்படும். ஆங்கிலத்தில் இந்தப் பெயருக்கு நடுவில் 'இசட்' போடுவது இங்கிலாந்து வழக்கம், 'எஸ்' போடுவது ஜெர்மன், பிரெஞ்சு வழக்கம். இரண்டும் சரி, ஆனால் ஒரே ஆளின் இரண்டு சான்றிதழில் இரண்டும் இருந்தால் பாஸ்போர்ட் அலுவலகத்தில் நிற்க வேண்டிவரும். இங்கே எல்லோருடைய கையும் தானாக எழுதுவது 'இசட்'. அதையே வையுங்கள். தமிழில் எலிசபெத் என்று சகரம் போட்டு எழுதுங்கள். எலிஸபெத் என்று எழுதினால் எழுதுகிறவர் ஒவ்வொருவரும் மாற்றுவார். வாலில் உகரம் வேண்டுமா என்பதில் சித்தியோடு இன்னும் பேச்சு முடியவில்லை. சான்றிதழில் இல்லாமல், வாயில் இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

பெயர் இல்லாமலேயே பிறப்பைப் பதிந்துவிட்டு ஒரு வருடத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதன் பிறகு தாமதக் கட்டணம் உண்டு. எனவே மருத்துவமனையில் அவசரப்பட்டு எதையும் எழுதிக்கொடுக்க வேண்டாம். திருமுழுக்குக்கு நாள் குறித்தபின் இரண்டு இடத்திலும் ஒரே எழுத்தில் கொடுங்கள். தம்பி மனைவி தன் அம்மாவின் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று நேற்று கேட்டாள். அவர் பெயர் கிரேஸ். எலிசபெத் கிரேஸ் என்று சேர்த்துச் சொல்லிப் பார்த்தேன், இடறவில்லை. சேர்த்துவிடச் சொல்லிவிட்டேன்.